எந்தத் தோல்விக்கு எந்தக் குறியீடு?

ஒரு கணினியில் ஓடும் நிரல், வலைப்பின்னலின் மறுமுனையில் உள்ள வேறொரு கணினியின் செயற்கூறைத் தன் சொந்தச் செயற்கூறு போலவே அழைத்து விடை பெறுவதற்குத் தொலை நடைமுறை அழைப்பு என்று பெயர், சுருக்கமாக ஆர்பிசி. செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் இதைச் செயல்படுத்திக் காட்டிய ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளமிட்டது. தொலைவில் உள்ளதை அழைப்பதும் உள்ளூரில் உள்ளதை அழைப்பதும் எழுதுபவருக்கு ஒன்றுபோல எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

வெற்றியில் அந்த ஒற்றுமை நிலைக்கிறது, தோல்வியில் கலைந்துவிடுகிறது. உள்ளூர் அழைப்பு தோற்றால் என்ன நடந்தது என்பதை அதே இயந்திரத்தில் பார்த்துவிடலாம். தொலை அழைப்பில் மறுமுனைச் சர்வர் நின்றுபோயிருக்கலாம், நடுவழியில் இணைப்பு அறுந்திருக்கலாம், வேலை முடிந்து விடை மட்டும் வந்து சேராமல் போயிருக்கலாம், அல்லது சர்வர் நலமாக இருந்தும் கோரிக்கையை ஏற்க மறுத்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய, அழைத்த கிளையன்டிடம் இருப்பது திரும்பி வரும் ஒரு சிறு எண். அதுவே நிலைக் குறியீடு.

பதினேழு எண்கள்

இன்று பரவலாகப் பயன்படும் ஆர்பிசி அமைப்புகளுள் ஒன்று ஜிஆர்பிசி. கூகுள் தனக்குள் ஸ்டப்பி என்ற பெயரில் பல ஆண்டுகள் பயன்படுத்திய அமைப்பின் வழிவந்தது இது; 2015இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது, 2016இல் 1.0 பதிப்பை எட்டியது. இதில் 0 முதல் 16 வரை மொத்தம் 17 நிலைக் குறியீடுகள். 0 என்றால் ஓகே, அதாவது வெற்றி. மற்ற 16ம் தோல்வியின் வகைகள்.

ஜிஆர்பிசி எச்டிடிபி/2 நெறிமுறையின் மேல் இயங்குகிறது. அழைப்பு தோற்றாலும் எச்டிடிபி அளவில் வழக்கமாக 200 என்ற வெற்றி எண்ணே வரும். உண்மையான முடிவு, விடையின் இறுதியில் வரும் டிரெய்லர் பகுதியில் ஜிஆர்பிசிக்கென்றே உள்ள நிலை எண்ணாக அமைகிறது. கூடவே மனிதர் படிக்க ஒரு செய்தி வாசகமும் வரலாம்.

இந்தக் குறியீடுகள் பிறக்கும் இடம் இரண்டு. இணைப்பு அறுவது, கெடு முடிவது போன்றவற்றுக்கு ஜிஆர்பிசி நூலகமே குறியீட்டை உருவாக்கிவிடும். ஆனால் 3, 5, 6, 9, 10, 11, 15 ஆகிய ஏழையும் நூலகம் ஒருபோதும் தானாக உருவாக்குவதில்லை. சர்வரின் நிரலை எழுதியவர் தேர்ந்தெடுத்தால்தான் அவை கிளையன்டைச் சென்றடையும். குழப்பமும் பெரும்பாலும் இந்த ஏழு குறியீடுகளைச் சுற்றியே நிகழ்கிறது.

குழப்பத்தைத் தீர்க்கும் விதி ஒன்றுதான். என்ன தவறு நேர்ந்தது என்று விவரிப்பது செய்தி வாசகத்தின் வேலை. குறியீட்டைப் படிப்பது மனிதர் அல்ல, கிளையன்ட் நிரல். அடுத்து என்ன செய்வது என்று அது முடிவெடுக்க வேண்டும். அப்படியே மறுபடி அனுப்புவதா, திருத்தி அனுப்புவதா, முதலிலிருந்து தொடங்குவதா, கைவிட்டுப் பயனருக்குச் சொல்வதா? பெயரில் நெருங்கி நிற்கும் இரண்டு குறியீடுகள் இந்தக் கேள்விக்கான விடையில் விலகி நிற்கின்றன.

கோரிக்கையில் தவறா, நிலையில் தடையா?

இன்வேலிட் ஆர்க்யுமென்ட் (3), ஃபெயில்டு பிரீகண்டிஷன் (9), அவுட் ஆஃப் ரேஞ்ச் (11) ஆகிய மூன்றும் அடிக்கடி ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வந்துவிடுகின்றன. ரயில் முன்பதிவுக்கு ஒரு ஜிஆர்பிசி சர்வர் இருப்பதாக வைத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும்.

பயண நாள் பிப்ரவரி 30 என்று ஒரு கோரிக்கை வருகிறது. எந்த ஆண்டிலும், இருக்கைகள் எத்தனை காலியாக இருந்தாலும் அது தவறே. பயணியின் வயது கழித்தல் 5 என்று வருவதும், எண்கள் மட்டுமே இருக்க வேண்டிய பிஎன்ஆரில் எழுத்துகள் கலந்து வருவதும் இதே வகை. சர்வர் எந்த நிலையில் இருந்தாலும் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல என்றால் குறியீடு 3. கிளையன்ட் தன் கோரிக்கையைத் திருத்தியே ஆக வேண்டும்.

சார்ட் தயாரான பிறகு ஒருவர் டிக்கெட்டை ரத்து செய்யக் கேட்கிறார். அந்தக் கட்டத்தில் சர்வர் ரத்தை ஏற்பதில்லை என்று கொள்வோம். பிஎன்ஆர் சரி, கேட்டவரும் சரியானவர். சில மணி நேரம் முன்பு வந்திருந்தால் இதே கோரிக்கை நிறைவேறியிருக்கும். தடை சர்வரின் நிலையில் இருக்கிறது. ஆகவே குறியீடு 9. உள்ளே கோப்புகள் இருக்கும் கோப்புறையை நீக்கச் சொல்வது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. கோப்புகளை அகற்றியபின் அதே கோரிக்கை ஓர் எழுத்தும் மாறாமல் வெற்றி பெறும். அகற்றும்வரை எத்தனை முறை அனுப்பினாலும் தோற்கும்.

11 இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1,000 பைட் நீளமுள்ள ஒரு கோப்பில் 1,200ஆவது பைட்டிலிருந்து படிக்கச் சொல்வது எல்லையைத் தாண்டிய கோரிக்கை. கோப்பு நாளை வளர்ந்தால் அதே கோரிக்கை செல்லுபடியாகும். ஆனால் 32 பிட் கோப்பமைப்பு ஒன்றில், இடத்தைக் குறிக்கும் எண் எதிர்மறையாக இருந்தாலோ, 32 பிட்டில் அடங்கும் எண்ணுக்கு மேற்பட்டிருந்தாலோ, எந்தக் கோப்பிலும் அப்படி ஓர் இடம் இருக்க முடியாது. அங்கே 3தான் பொருந்தும்.

9க்கும் 11க்கும் இடையே எல்லைக்கோடு மங்கலானது. இரண்டும் பொருந்தும் இடத்தில் குறிப்பான 11ஐத் தேர்வதே ஜிஆர்பிசி ஆவணங்களின் பரிந்துரை. ஒரு பட்டியலையோ கோப்பையோ தொடர்ச்சியாகப் படித்துக்கொண்டே போகும் நிரல், 11 வந்ததும் முடிவை எட்டிவிட்டதாக அறிந்து நிற்கலாம். 9 வந்தால் அதை எல்லை என்று எடுத்துக்கொள்வதா, வேறு தடையா என்று நிரலுக்குத் தெரியாது.

மறுமுயற்சி எந்த அளவில்?

இரண்டாவது மூவர் கூட்டணி அன்அவெய்லபிள் (14), அபார்ட்டட் (10), முன்பு பார்த்த 9. மூன்றும் "இப்போது முடியாது" என்றே சொல்கின்றன. எதை மறுபடி செய்ய வேண்டும் என்பதில் வேறுபடுகின்றன.

14 தற்காலிகத் தடங்கலைக் குறிக்கிறது. சர்வர் மூடப்பட்டுக்கொண்டிருக்கலாம், இணைப்பு நடுவில் முறிந்திருக்கலாம். சற்றே இடைவெளி விட்டு அதே அழைப்பை அப்படியே மறுபடி அனுப்பினால் போதும்.

10 உடன்நிகழ் மோதலைக் குறிக்கிறது. இரண்டு கிளையன்டுகள் ஒரே பெட்டியின் இருக்கைப் பட்டியலைப் படிக்கின்றன. பட்டியலின் பதிப்பு எண் 7. முதல் கிளையன்ட் ஒரு மாற்றத்தை எழுத, பதிப்பு 8 ஆகிறது. இரண்டாவது, "பதிப்பு 7 ஆக இருந்தால் இந்த மாற்றத்தை எழுது" என்று கேட்கிறது. சர்வர் மறுக்கிறது. அதே அழைப்பை நூறு முறை அனுப்பினாலும் பதிப்பு 7 திரும்பி வரப்போவதில்லை. கிளையன்ட் பட்டியலை மறுபடி படித்து, மாற்றத்தைப் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். படித்தல், மாற்றுதல், எழுதுதல் என்ற வரிசை முழுவதும் திரும்ப நடக்க வேண்டும் என்பதே 10இன் பொருள்.

9 வந்தால் யாராவது தலையிட்டு நிலையைச் சரிசெய்யும்வரை மறுமுயற்சியே கூடாது.

இந்த வேறுபாட்டின் கனம் தானியங்கி மறுமுயற்சியில் தெரியும். எந்தக் குறியீடுகள் வந்தால் மறுபடி அனுப்பலாம், அதிகபட்சம் எத்தனை முறை, இடைவெளி எந்த விகிதத்தில் கூட வேண்டும் என்று ஜிஆர்பிசி கிளையன்டின் அமைவில் எழுதி வைக்கலாம். முயற்சிகளின் எண்ணிக்கைக்கு 5க்கு மேல் எழுதினாலும் அது 5ஆகவே கொள்ளப்படும். பெரும்பாலான அமைவுகளில் முதலில் இடம்பெறும் குறியீடு 14. நிரந்தரத் தடை ஒன்றுக்குச் சர்வர் 14ஐத் திருப்பினால், பலன் இல்லாத அழைப்புகள் பெருகும். அ என்ற சேவை ஆவை அழைக்க, ஆ இயை அழைக்க, இ ஈயை அழைக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொன்றும் மும்முறை முயலுமானால், பயனரின் ஒரே கோரிக்கை கடைசியில் உள்ள ஈயின் மேல் 27 அழைப்புகளாக இறங்கும். ஏற்கெனவே திணறும் சர்வரை இது முற்றிலும் வீழ்த்திவிடும்.

14க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அது வந்ததால் எதுவும் நடக்கவில்லை என்று உறுதி கூற முடியாது. சர்வர் வேலையை முடித்தபின் இணைப்பு அறுந்திருந்தாலும் கிளையன்டுக்குக் கிடைப்பது 14தான். பயண நாளைப் படிக்கும் அழைப்பை மறுபடி அனுப்புவதில் தீங்கில்லை. பணம் எடுக்கும் அழைப்பை அப்படி அனுப்பினால் இருமுறை பணம் போகும். இத்தகைய அழைப்புகளில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் தந்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் முந்தைய விடையையே தருமாறு அமைப்பது வழக்கம்.

ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ் (6) இந்த இடத்தோடு தொடர்புடையது. புதிதாக ஒன்றை உருவாக்கக் கேட்கும்போது அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் 6. இதற்கு 9ஐயோ 10ஐயோ திருப்பும் சர்வர்கள் உண்டு. ஆனால் மறுமுயற்சி செய்த கிளையன்டுக்கு 6 தரும் பயனை அவை தருவதில்லை. 6 வந்தால், தன் முதல் முயற்சியே பலித்திருக்கலாம் என்று கிளையன்ட் சந்தேகித்து, இருப்பதைப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

யார் கேட்பது, கேட்கலாமா, இருக்கிறதா?

அன்ஆதென்டிகேட்டட் (16), கேட்பவர் யாரென்றே தெரியாதபோது வருகிறது. அடையாளச் சான்று இல்லை, தவறாக உள்ளது, அல்லது காலாவதியாகிவிட்டது. கிளையன்ட் புதிய சான்று பெற்று மறுபடி கேட்கலாம். பெர்மிஷன் டினைடு (7), யாரென்று தெரிந்தபின் அவருக்கு உரிமை இல்லை என்று மறுப்பது. மறுபடி உள்நுழைவதால் பயனில்லை. உரிமை வழங்கும் அதிகாரம் உள்ளவர்தான் மாற்ற முடியும். ஆள் அடையாளம் தெரியாத இடத்தில் 7ஐப் பயன்படுத்தக் கூடாது என்று ஜிஆர்பிசி வரையறை வெளிப்படையாகவே சொல்கிறது.

7க்கும் நாட் ஃபவுண்ட் (5)க்கும் இடையே இருப்பது நுட்பமான சிக்கல். ஒருவருக்கு உரிமை இல்லாத ஆவணத்தை அவர் கேட்கிறார். ஆவணம் இருக்கும்போது 7, இல்லாதபோது 5 என்று சர்வர் நேர்மையாகப் பதில் சொன்னால், பெயர்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தே எவை இருக்கின்றன என்று ஒருவர் அறிந்துகொள்வார். மறைக்க வேண்டிய செய்தி குறியீட்டின் வழியே கசிகிறது.

இதற்கு இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. உரிமை இல்லாதவர் கேட்டால், பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 7ஐயே தருவது ஒன்று. இருக்கிறதா என்று தேடும் முன்னரே உரிமையைச் சோதிக்க வேண்டும் என்று கூகுளின் ஏபிஐ வடிவமைப்பு வழிகாட்டி கூறுவது இதற்காகத்தான். இரண்டு நிலைகளிலும் "இல்லை" என்றே சொல்லிவிடுவது மற்றொன்று. தனியார் களஞ்சியங்களை அனுமதியற்றவர் கேட்டால் கிட்ஹப் எச்டிடிபி 404ஐத் தருவது இவ்வகை. எந்த வழியாயினும் ஒரு சேவை முழுவதும் ஒரே வழியைப் பின்பற்றினால்தான் கசிவு அடைபடும்.

ஜிஆர்பிசி வரையறை இன்னொரு பிரிவையும் காட்டுகிறது. படிப்படியாக வெளியிடப்படும் புதிய வசதி போன்ற ஒன்று பயனர் வகுப்பு முழுமைக்கும் மறுக்கப்படும்போது 5 பொருந்தும். ஒரே வகுப்புக்குள் சிலருக்கு மட்டும் மறுக்கப்பட்டால் 7தான் தரப்பட வேண்டும்.

ஒதுக்கீடும் நெருக்கடியும்

ரிசோர்ஸ் எக்ஸாஸ்டட் (8), ஒருவருக்குரிய ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதையோ வட்டில் இடம் முடிந்துவிட்டதையோ குறிக்கிறது. ஒதுக்கீடு தீர்ந்ததற்கு 7ஐத் திருப்பக் கூடாது. உரிமை அவருக்கு இருக்கிறது, அளவுதான் முடிந்துவிட்டது.

8ஐயும் 14ஐயும் பெரும்பாலும் பிரிப்பது பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. ஒரு கிளையன்ட் தன் அளவுக்கு மேல் கேட்டதால் மறுப்பு என்றால் 8. அந்தக் கிளையன்ட் வேகத்தைக் குறைக்க வேண்டும். யார் கேட்டாலும் இப்போது பதில் தர முடியாத நிலை என்றால் 14. வேறொரு சர்வரிடம் அதே அழைப்பை அனுப்பினாலும் பலிக்கலாம்.

8க்கே இரு முகங்கள் உண்டு. நிமிடத்துக்கு இத்தனை அழைப்பு என்ற ஒதுக்கீடு நேரம் கடந்தால் தானே நிரம்பும். ஆனால் அனுமதித்த அளவைத் தாண்டிய பெரிய செய்தி வந்தாலும் ஜிஆர்பிசி நூலகம் 8ஐயே உருவாக்குகிறது. பெறும் செய்திக்கு இயல்பான வரம்பு 4 எம்பி. அங்கே எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை. ஆகவே 8 வந்தால் மறுபடி முயலலாமா என்பதைக் குறியீடு மட்டும் சொல்லாது. உடன்வரும் விவரம் சொல்ல வேண்டும்.

கெடுவும் ரத்தும்

டெட்லைன் எக்ஸீடட் (4), குறித்த நேரத்துக்குள் விடை வராததைக் காட்டுகிறது. கேன்சல்டு (1), அழைப்பு ரத்து செய்யப்பட்டதைக் காட்டுகிறது. பெரும்பாலும் ரத்து செய்வது அழைத்தவரே. பயனர் பக்கத்தை மூடிவிட்டால் 1, காத்திருந்து நேரம் முடிந்தால் 4. கோரிக்கை பிடிக்காமல் மறுக்கும் சர்வர் 1ஐத் திருப்புவது தவறு. அதற்குரிய குறியீடுகள் வேறு.

4 வந்தது என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. நிலையை மாற்றும் ஒரு செயல் வெற்றிகரமாக முடிந்து, விடை மட்டும் தாமதமாகி இருந்தாலும் 4 வரலாம். பணப் பரிமாற்றத்தில் 4ஐத் தோல்வி என்று பயனருக்குக் காட்டும் நிரல் அவரை இரண்டாம் முறை அனுப்பத் தூண்டுகிறது. முடிவு உறுதியாகவில்லை என்று காட்டி, நிலையைக் கேட்டறிவதே முறை.

சர்வரின் சொந்தக் கோளாறு

இன்டர்னல் (13), அமைப்பு தனக்குள் மாறாது என்று நம்பியிருந்த ஒன்று உடைந்துவிட்டதைச் சொல்கிறது; நிரலை எழுதியவர் பார்த்தாக வேண்டிய பிழை. அன்நோன் (2), வகை தெரியாத பிழை. சர்வரின் நிரலில் கையாளப்படாத விதிவிலக்கு வெடித்தால் நூலகம் பொதுவாக 2ஐ அனுப்பும். எனவே பதிவேடுகளில் 2 நிறைந்திருந்தால், பிழைகளை வகைப்படுத்தும் வேலையை யாரும் செய்யவில்லை என்று பொருள். டேட்டா லாஸ் (15), மீட்கமுடியாத தரவு இழப்புக்கு மட்டுமே உரியது. சாதாரணப் பிழைகளுக்கு அதை எடுத்தால் வீண் பீதியே மிஞ்சும்.

அன்இம்ப்ளிமென்டட் (12), கேட்ட செயலே சர்வரில் இல்லை என்பது. புதிய கிளையன்ட் பழைய சர்வரை அழைக்கும்போது இது வரும். செயல் இருந்து, தேடிய பொருள் இல்லையென்றால் 5. செயலே இல்லையென்றால் 12.

எச்டிடிபிக்கு மாறும்போது

பல சேவைகள் ஜிஆர்பிசியோடு சாதாரண எச்டிடிபி வழியையும் திறந்து வைக்கின்றன. அப்போது 16 தோல்விக் குறியீடுகளும் கூகுளின் பட்டியல்படி 11 எச்டிடிபி எண்களில் அடங்கிவிடுகின்றன. 3, 9, 11 மூன்றும் 400. 6, 10 இரண்டும் 409. 2, 13, 15 மூன்றும் 500. கவனமாகப் பிரித்தவை ஒன்றாகக் கலக்கின்றன. எச்டிடிபியில் 412க்கும் 9க்கும் பெயர் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் 9 வேண்டுமென்றே 412ஆக மாற்றப்படுவதில்லை. 412 கோரிக்கைத் தலைப்பில் வரும் நிபந்தனைகளுக்கு உரியது.

எதிர்த்திசையிலும் பொருள் நகர்கிறது. நடுவில் உள்ள ப்ராக்ஸி ஜிஆர்பிசி நிலை எண் இல்லாமல் வெறும் எச்டிடிபி பிழையைத் திருப்பினால், கிளையன்ட் நூலகம் தானே ஒரு குறியீட்டை ஊகிக்கிறது. 429, 502, 503, 504 நான்கும் 14 ஆகும். 404, 12 ஆகும். ஒதுக்கீடு மீறியதற்காக ப்ராக்ஸி தந்த 429, கிளையன்டை எட்டும்போது "அப்படியே மறுபடி அனுப்பு" என்ற பொருளில் வந்து நிற்கிறது.

குறியீட்டோடு விவரமும், இடையில் நிற்கும் சேவையும்

16 வகைகளுக்குள் எல்லாத் தோல்விகளையும் அடக்க முடியாது. அடக்க முயலவும் வேண்டாம். கூகுளின் விரிவான பிழை அமைப்பு, குறியீட்டோடு வடிவமைக்கப்பட்ட விவரங்களையும் சேர்த்து அனுப்ப இடம் தருகிறது. 3 உடன் எந்தப் புலம் தவறு என்றும், 8 உடன் எந்த ஒதுக்கீடு தீர்ந்தது, எவ்வளவு நேரம் கழித்து முயலலாம் என்றும், 9 உடன் எந்த முன்நிபந்தனை நிறைவேறவில்லை என்றும் நிரல் படிக்கும் வடிவில் சேர்க்கலாம். செய்தி வாசகத்தை வெட்டிப் பார்த்து முடிவெடுக்கும் கிளையன்ட், வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் உடைந்துபோகும்.

ஒரு சேவை இன்னொன்றை அழைத்துப் பெற்ற குறியீட்டைத் தன்னை அழைத்தவருக்கு அப்படியே கடத்துவது பரவலான தவறு. முன்பதிவுச் சர்வர், கட்டணச் சர்வரைத் தவறான வடிவில் அழைத்து 3ஐப் பெறுகிறது. அதையே பயனரின் கிளையன்டுக்குத் தந்தால், குற்றமற்ற அந்தக் கிளையன்ட் தன் கோரிக்கையில் தவறு தேடும். தவறு முன்பதிவுச் சர்வருடையது. ஆகவே அந்த 3, அங்கிருந்து 13ஆக மாறி வெளியேற வேண்டும். ஒவ்வொரு எல்லையைக் கடக்கும்போதும் யார் பொறுப்பு என்பதைக் கணக்கிட்டுக் குறியீட்டைப் புதிதாகத் தேர்வதே சரி.

தேர்வின் வரிசை

சர்வரை எழுதுபவர் கேள்விகளைப் பின்வரும் வரிசையில் கேட்டுக்கொண்டால் பெரும்பாலான ஐயங்கள் தீரும். கேட்பவர் யாரென்று தெரிகிறதா? இல்லையெனில் 16. உரிமை உண்டா? இல்லையெனில் 7. அளவுக்குள் கேட்கிறாரா? இல்லையெனில் 8. கோரிக்கை எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதா? இல்லையெனில் 3. கேட்ட பொருள் இருக்கிறதா? இல்லையெனில் 5. உருவாக்கக் கேட்டது முன்பே இருக்கிறதா? ஆமெனில் 6. இப்போதைய நிலை தடுக்கிறதா? அதே அழைப்பு போதுமெனில் 14, முதலிலிருந்து தொடங்க வேண்டுமெனில் 10, நிலையைத் திருத்த வேண்டுமெனில் 9, எல்லையை எட்டியதுதான் காரணமெனில் 11. இவை எதுவுமில்லாமல் சர்வரே தவறியிருந்தால் 13.

இந்தத் தேர்வைத் தள்ளிப்போட முடியாது. ஒரு சேவை வெளியானதும் அதன் குறியீடுகளை நம்பிக் கிளையன்டுகள் எழுதப்படுகின்றன. 9 வந்தால் நிற்பதும் 14 வந்தால் மறுபடி முயல்வதும் அவற்றின் நிரலில் பதிந்துவிடுகின்றன. பின்னாளில் ஒரு குறியீட்டை மாற்றுவது, செயற்கூறின் பெயரை மாற்றுவதற்கு இணையான முறிவு. எனவே பிழைக் குறியீடுகள், வெற்றியின் விடையைப் போலவே, சேவையை வடிவமைக்கும் நாளிலேயே முடிவாகி ஆவணத்தில் எழுதப்பட வேண்டியவை.